வடக்குத் தலையணை

டிசம்பர் 2, செவ்வாய்

பனி. நேற்று விடிய விடியப் பெய்து, எதிர்வீட்டுக் கார் நின்ற இடத்தில் காலையில் ஒரு மேடுதான் இருந்தது. டிசம்பர் வந்தால் இந்த ஊரில் சத்தமெல்லாம் எங்கேயோ வெளியூர் போய்விடுகிறது. நடந்தால் என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்கிறது.

சமூகக்கூடத்து ஜப்பானிய வகுப்பில் இன்று ஒரு புது ஏற்பாடு. சொல்லித்தருகிற ஒனோதெரா சான் (சான் என்பது மரியாதைக்கு) என்னைவிடச் சின்னவள். காலையில் ரொட்டிக்கடையில் வேலை, சாயங்காலம் சம்பளமில்லாமல் எங்களுக்கு வாத்தியார். சட்டைக் கையில் எப்போதும் மாவு இருக்கும். ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டி ஆளுக்கொரு சீட்டு எடுக்கச் சொன்னாள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கஞ்சி எழுத்து, சீனத்திலிருந்து இவர்கள் எடுத்துக்கொண்ட பட எழுத்து. (கஞ்சி என்று எழுதினால் குடிக்கிற கஞ்சிதான் ஞாபகம் வருகிறது. காஞ்சி என்று வைத்துக்கொள்கிறேன்.)

"குளிர்காலம் முழுக்க உங்களுக்கு இந்த ஒரே எழுத்துதான். அதோட சாப்பிடுங்க, அதோட தூங்குங்க. புது வருஷம் பிறந்ததும் ரெண்டாம் தேதி எல்லாரும் தூரிகையில எழுதணும்" என்றாள்.

பக்கத்தில் உட்காரும் பிலிப்பைன்ஸ்காரி ரோஸ்லினுக்குப் பூ கிடைத்தது. எனக்குக் கிடைத்தது இது: 北. வடக்கு. கோவில்பட்டியில் பிறந்தவள், வெயில் தவிர வேறெதையும் அறியாதவள், ஜப்பானின் வடக்கே வந்து விழுந்தது போதாதென்று வடக்கையே கையில் கொடுத்துவிட்டார்கள். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கூடாதாம்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என் வீட்டுக்காரர் கதிரேசன், பனி அள்ளும் வண்டிகள் செய்கிற கம்பெனியில் வரைபடம் போடுகிறார். நான் அறையில் படுக்கிறேன், அவர் அடுக்களையில் படுக்கிறார். அடுக்களையில் குளிர் குறைவு என்று இருவரும் சொல்லிக்கொள்கிறோம்.

ஜனவரி 18 எனக்கு விமானம். தை மாதம் அப்பாவின் முதல் திவசம். போகிற டிக்கெட் மட்டும்தான் எடுத்திருக்கிறேன். திரும்பும் டிக்கெட் எங்கே என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

ஐந்தே கோடு. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு. எதை முதலில் இழுக்க வேண்டும், எதை எந்தப் பக்கமிருந்து இழுக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. நம் எழுத்தென்றால் பேனாவை வைத்தால் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கலாம். இங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் கையை எடுத்து, யோசித்து, மறுபடி வைக்க வேண்டும். நான் யோசிக்காமல் ஒரே இழுப்பில் எழுதிப் பார்த்தேன், முறுக்கு மாதிரி வந்தது.

பால் பாக்கெட்டில் 北. ஸ்டேஷன் வாசல் பலகையில் 北. வானிலை சொல்லும் பெண்ணின் தலைக்குப் பின்னால் 北. இத்தனை நாள் இதெல்லாம் எனக்குச் சும்மா கோடுகளாக இருந்தன. இப்போது எங்கே போனாலும் தெரிந்தவர் மாதிரி எதிரே வந்து நிற்கிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று எழுத்தின் கதை. ஒனோதெரா சான் என்னையும் ரோஸ்லினையும் நடுவில் உட்காரவைத்து, முதுகோடு முதுகு ஒட்டச் சொன்னாள். பிறகு எங்களைச் சுற்றி வந்து, "இதுதான் 北" என்றாள்.

மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் எலும்பில் கீறி எழுதிய காலத்திலேயே அப்படித்தானாம். முதுகைக் காட்டி உட்கார்ந்த இரண்டு ஆட்கள். அது எப்படி வடக்காயிற்று என்று கேட்டேன். ராஜா எப்போதும் தெற்குப் பார்த்துத்தான் உட்காருவாராம். அவர் முதுகு இருக்கிற பக்கம் வடக்கு. குளிர் வருகிற பக்கம் என்று எல்லோரும் அதற்கு முதுகைத்தான் காட்டுவார்கள். இந்த எழுத்துக்கு அடியில் உடம்பு என்பதற்கான குறியைச் சேர்த்தால் 背, அதற்கு முதுகு என்றே அர்த்தம்.

"புருஷன் பெண்டாட்டி சண்டை போட்ட மாதிரி இருக்கே" என்று ரோஸ்லின் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஸ்வெட்டரில் வலது தோளுக்குக் கீழே நூல் பிரிந்திருக்கிறது. முகத்தில் என்ன இருந்தது என்று தெரியாது. கொஞ்ச நாளாக எனக்கு அவர் முதுகுதான் பழக்கம்.

டிசம்பர் 10, புதன்

இன்று பேசியது: "உப்பு எங்க?" "அங்கன."

டிசம்பர் 16, செவ்வாய்

இன்றைக்கு உச்சரிப்பு. ஒரே எழுத்துக்கு இரண்டு குரல். தனியாக நின்றால் கித்தா. அது இவர்கள் வீட்டுச் சொல். இன்னொரு எழுத்தோடு சேர்ந்தால் ஹொக்கு. அது சீனத்திலிருந்து வந்த சொல். சில இடத்தில் பொக்கு. தோல்வி என்பதற்கு எழுதும் வார்த்தையில் இரண்டாவதாக இந்த எழுத்து வருகிறது: ஹாய்பொக்கு. தோற்றவன் முதுகைக் காட்டி ஓடுகிறானாம்.

"ஒரே எழுத்துக்கு எதுக்கு இத்தனை பேர்?" என்று ரோஸ்லின் சலித்துக்கொண்டாள். எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. சர்ட்டிபிகேட்டில் நான் செண்பகவல்லி. தம்பிக்கு எக்கா. கடலைமிட்டாய்க் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தபோது வல்லி மேடம். அப்பாவுக்குச் செம்பா. யாரோடு நிற்கிறேன் என்பதைப் பொறுத்துப் பேர் மாறும், அவ்வளவுதான்.

கல்யாணமான பிறகு அப்பா கூப்பிடுவதைப் பார்த்து என் வீட்டுக்காரரும் செம்பா என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒரு வருஷமாகக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் நான் என்ன செய்வேன் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

டிசம்பர் 20, சனி

மத்தியானம் தூங்கிவிட்டேன். கனவில் எங்கள் ஊர்க் கதிரேசன் கோயில் மலைமேல் பனி பெய்துகொண்டிருந்தது. படிக்கட்டெல்லாம் வெள்ளை. அப்பா மேல்துண்டோடு உச்சிப்படியில் உட்கார்ந்து சாப்பிடத் தயாராக இருந்தார், முன்னால் வாழையிலை, இலைமேல் பனி. அப்பா கிழக்குப் பார்த்து உட்காராமல் ஒரு வாய் சாப்பிட்டதில்லை, கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இடம் மாறி உட்காருவார்.

"செம்பா, இங்க எதும்மா கிழக்கு?" என்று கேட்டார். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சமாக இருந்தது. இருப்பா, கேட்டுச் சொல்லுதேன் என்று படியிறங்கினேன். யாரைக் கேட்கப் போனேன் என்பது ஞாபகமில்லை.

விழித்தபோது வெயில் மேற்கு ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானம் சாய்வதற்குள் வெயில் மேற்கே வந்துவிடுகிறது. குளிர்நாட்டில் சூரியனுக்கும் அரைநாள் வேலைதான்.

டிசம்பர் 23, செவ்வாய்

இதைக் கோர்வையாக எழுதப் பார்க்கிறேன்.

வகுப்பில் புழக்கத்தில் உள்ள வார்த்தைகள். கித்தாமகுரா என்று பலகையில் எழுதினாள். வடக்கு, தலையணை. "இறந்தவங்களை வடக்கே தலை வச்சுப் படுக்கவைப்போம். அதனால உயிரோட இருக்கிறவங்க அப்படிப் படுக்கக்கூடாது. உங்களுக்கு இது வேடிக்கையா இருக்கும்" என்றாள் ஒனோதெரா சான்.

"எங்க ஊர்லயும் அதேதான். வடக்கே தலை வச்சா எங்கம்மா தூக்கத்துல இருந்து எழுப்பித் திருப்பிப் போடுவா" என்றேன். அவளுக்கு நம்பவே முடியவில்லை. வகுப்பே கைதட்டியது. இந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே ஒரு தலையணை கிடந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. பனியில் கிட்டத்தட்ட ஓடிவந்தேன். அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் ஓடிவந்தேன். வாசலுக்கு வந்த பிறகுதான் நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பது ஞாபகம் வந்தது.

பூட்ஸைக் கழற்றக் குனிந்தேன். செருப்பு அலமாரிக்கு மேலே, தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று கட்டடக்காரர்கள் ஒட்டிய வீட்டுப்படம் இருக்கிறது. குடிவந்த நாளிலிருந்து அதன்கீழ் நின்றுதான் பூட்ஸ் மாட்டுகிறேன். படத்தின் மூலையில் ஒரு அம்பு. அம்பின் தலையில் 北.

தெரிந்தவரைப் பார்த்த சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். பிறகு அம்பு எங்கே காட்டுகிறது என்று பார்த்தேன். படுக்கை அறை. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர். நான் தலைவைத்துப் படுக்கிற சுவர்.

குடிவந்த அன்று "எது கிழக்கு?" என்று கேட்டேன். அவர் போனில் திசைகாட்டியைப் பார்த்து அந்தச் சுவரைத்தான் காட்டினார். சூரியனைக்கூட நான் சரிபார்க்கவில்லை. மேற்கு ஜன்னல் என்று நான் சொல்லிவந்தது தெற்கு. பாவம், சூரியன் முழுநாளும்தான் வேலை பார்த்திருக்கிறது.

டிசம்பர் 24, புதன்

சாப்பிடும்போது கேட்டேன். "அறையில தலைமாடு எந்தத் திசை?"

அவர் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "வடக்கு."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"குடிவந்த மறுவாரம். போனை டூல்பெட்டி மேல வச்சுத் திசை பாத்துட்டேன், பெட்டிக்குள்ள காந்தம் கெடந்திருக்கு. பெறகுதான் வாசல் படத்தைப் பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"வேற பக்கம் போடவும் வழியில்ல. அந்தப் பக்கம் அலமாரி, இந்தப் பக்கம் ஹீட்டர், ஜன்னல் பக்கம் குளிரு." பிறகு, "நீ நல்லாத் தூங்கிட்டிருந்த" என்றார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

எழுதக்கூடாது என்று வைத்திருந்ததை எழுதிவிடுகிறேன். போன தை மாதம், இதேபோலப் பனி. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அன்று சாயங்காலம் முற்றத்தில் நான் ஒரு பனிமனிதன் செய்தேன். அவருடைய வேட்டியைக் கட்டிவிட்டு, தோளில் துண்டு போட்டு, அப்பா மாதிரியே தொப்பை வைத்தேன். "வீடியோ எடுங்க, அப்பாவுக்கு அனுப்பணும்" என்றேன். எடுத்தார். வீடியோ ஆடு ஆடென்று ஆடியது. "போனைக்கூட நேராப் பிடிக்கத் தெரியாதா உங்களுக்கு" என்று திட்டினேன். அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. அப்பாவுக்குப் பேரன் பேத்தி இல்லாத குறையை இந்தப் பனிமனிதன் தீர்த்துவைப்பான் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு பூரி சுட்டேன்.

விமான நிலையம் திறந்த அன்றுதான் அவர் சொன்னார். அப்பா போய் இரண்டு நாள் ஆகிவிட்டது. நான் பனிமனிதனுக்குத் துண்டு போட்ட சாயங்காலத்துக்கு முன்பே, காலையிலேயே போய்விட்டார். தம்பி இவரிடம்தான் சொன்னான். எப்படியும் போக முடியாது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இவர் எனக்காக முடிவெடுத்திருக்கிறார். அதற்குள் எரித்தும் விட்டார்கள். பதினாறாம் நாளுக்குப் போய்விட்டு வந்தேன். வந்த நாளிலிருந்து அவர் அடுக்களையில் படுக்கிறார்.

போகமுடியாமல் போனதற்கு நான் யாரையும் திட்டவில்லை. பனியைத் திட்டமுடியாது. என் அப்பா செத்துக்கிடந்த அன்று என்னைச் சிரிக்கவிட்டு அதைப் படமும் எடுத்தார். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

திரும்பி வரப்போவதில்லை. இன்றைக்கு அதை எழுதியே விடுகிறேன்.

டிசம்பர் 25, வியாழன்

தலையணையை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டேன். காலையில் முடி நுனி கண்ணாடியில் ஒட்டி உறைந்திருந்தது. பிய்த்துக்கொண்டு எழுந்தேன்.

டிசம்பர் 27, சனி

கடையிலிருந்து வந்தபோது ஜன்னல் முழுக்கப் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. அவர் அறைவாசலில் நின்று, "நான்தான் ஒட்டுனேன். உங்கிட்டக் கேக்காம ஒட்டிட்டேன். வேண்டாம்னா எடுத்துரலாம்" என்றார். வேறு யார் வந்து ஒட்டப்போகிறார்கள். இருக்கட்டும் என்றேன்.

குளிர் பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஜனவரி 2, வெள்ளி

வருஷத்தின் முதல் எழுத்து. சமூகக்கூடத்தில் பாய்விரித்து, என் கையகலத் தூரிகை, என் இடுப்புயரத் தாள். மை அரைக்கிற வாசனையில் மழைபெய்த மண்ணின் சாயல் இருந்தது. வெளியே கூரையிலிருந்து பனி வழுக்கி விழும் சத்தம் மட்டும் அவ்வப்போது கேட்டது.

முதல் ஆள், மூன்று கோடு. இரண்டாம் ஆள், இரண்டு கோடு, கடைசியில் கால்நீட்டி உட்காருகிற மாதிரி ஒரு வளைவு. எழுதி முடித்து எழுந்தேன். ஒனோதெரா சான் பின்னால் வந்து நின்றாள்.

"கோடெல்லாம் நல்லா இருக்கு. நடுவில இடம்தான் ஜாஸ்தி. இவங்க ஒருத்தரை ஒருத்தர் மறந்துட்டாங்க" என்றாள்.

இன்னொரு தாள் கேட்டேன். ஆளுக்கு ஒன்றுதானாம். சுவரில் மாட்டிவிட்டார்கள். பதினைந்தாம் தேதி நெருப்பு மூட்டி எல்லோருடைய தாளையும் எரிப்பார்கள், சாம்பல் உயரப் பறந்தால் கையெழுத்து நன்றாக வரும் என்று நம்பிக்கையாம். நம் ஊரில் போகி கொளுத்துகிற நேரம்.

ஜனவரி 8, வியாழன்

பெட்டி எடுத்துவைக்க ஆரம்பித்தேன். குளிருக்கான உடுப்பு ஒன்றையும் வைக்கவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை அவர்தான் தூசி தட்டி எடுத்துக்கொடுத்தார், உள்ளே எதை வைக்கிறேன், எதை வைக்கவில்லை என்பதையும் பார்த்தார்.

ஜனவரி 13, செவ்வாய்

வகுப்பு நடுவில் கதவு திறந்தது. அவர். கம்பெனி ஹெல்மெட் தலையிலேயே இருந்தது, புருவத்தில் பனி. பூட்ஸைக் கழற்றாமல் பாய்மேல் நடந்து வந்தார். ஜப்பானில் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள், நம் வீட்டிலும் செய்யமாட்டோம். எல்லோரும் அந்தப் பூட்ஸைத்தான் பார்த்தார்கள்.

என் முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்கத் தமிழில் சொன்னார்.

"அத்தை கொல்லைப்புறத்துல வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. நெனவு இருக்கு, பேசுதாங்க. நாளைக்கு ஆபரேஷன். சக்கரை ஜாஸ்தியா இருக்கிறதால டாக்டர் கொஞ்சம் பயப்படுதாரு. இவ்வளவுதான் தம்பி சொன்னான். நான் ஒண்ணையும் விடல."

அவருக்கு அத்தை, எனக்கு அம்மா.

"உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னுதான் சொன்னான். ஆபரேஷன் முடியட்டும், எக்கா அங்கன கெடந்து பயந்துரும்னான். சரின்னு சொல்லிப் போனை வச்சேன். வச்சுட்டு நேரா இங்கன வந்துட்டேன்." பிறகு, "விமானமும் இல்ல. புயலாம். நாளைக்கும் தெறக்க மாட்டாங்க. அதையும் சொல்லிருதேன்" என்றார்.

ஒனோதெரா சான் ஒரு துணியை எடுத்துவந்து, ஒன்றும் கேட்காமல், அவர் பூட்ஸைச் சுற்றி உருகிய பனியைத் துடைத்தாள்.

ஜனவரி 14, புதன்

போகி. வெளியே எதிர்வீடு தெரியவில்லை. பனி கீழே விழாமல் பக்கவாட்டில் பறக்கிறது.

மத்தியானம் கரண்ட் போயிற்று. மண்ணெண்ணெய் ஹீட்டருக்கும் கரண்ட் வேண்டும், அதுவும் நின்றது. வீட்டில் இருந்த கம்பளி எல்லாவற்றையும் அறையில் குவித்தோம். அம்மாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டதாகத் தம்பி அனுப்பியிருந்தான். போனில் சார்ஜ் கொஞ்சம்தான் இருந்தது. அதை நடுவில் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். அவர் முகத்தைப் பார்த்து உட்கார என்னால் முடியவில்லை. திரும்பி உட்கார்ந்தேன். அவரும் திரும்பிக்கொண்டார். குளிர் ஏற ஏற இருவரும் பின்னால் நகர்ந்திருக்க வேண்டும். எப்போது முதுகு ஒட்டியது என்று தெரியாது. சூடாக இருந்தது.

வெகுநேரம் கழித்து நான் கேட்டேன். "அப்பாவுக்கு ஆன அன்னைக்குத் தம்பி உங்ககிட்ட என்ன சொன்னான்? அன்னைக்கு எங்கிட்ட எப்படிச் சொல்லியிருப்பீங்களோ, அப்படிச் சொல்லுங்க."

அவர் முதுகு ஒருமுறை விம்மித் தணிந்தது. சொன்னார்.

"காலையில கூப்பிட்டான். அத்தான், அப்பா போயிட்டாருன்னான். மாமா குளிச்சிட்டு, கிழக்கப் பாத்து உக்காந்து தோசை சாப்பிட்டிருக்காரு. ரெண்டாவது தோசை எடுக்க அத்தை உள்ள போயிருக்காங்க. வந்து பாத்தா செவுத்துல சாஞ்சிருக்காரு. தூங்குதாருன்னு நெனச்சு தட்டுல தோசையை வச்சிருக்காங்க. மொகத்துல ஒண்ணும் கஷ்டம் தெரியலன்னான்."

"என்ன சட்னி?"

"கேக்கலயே."

"கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஒரு வருஷம் பிந்தி, அன்றைக்கு வரவேண்டிய அழுகை. அவர் திரும்பவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. முதுகை மட்டும் அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வீடியோவ ஏங்க எடுத்தீங்க?"

"நீ சிரிச்சிட்டிருந்த. இன்னைக்கு ஒருநாள் சிரிக்கட்டும்னு நெனச்சேன். அது தப்பு. அது உன் நாளு, நான் எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன்." பிறகு, "கையெல்லாம் ஆடிச்சு செம்பா. அதான் வீடியோ ஆடுது. நீ நேராப் பிடிக்கச் சொன்ன. என்னால முடியல" என்றார்.

ஒரு வருஷமாக அந்த வீடியோவை நான் திறக்கவில்லை. ஆனாலும் அது ஆடுகிற ஆட்டம் எனக்குக் கண்ணை மூடினால் தெரியும். கையாலாகாத மனுஷன் என்றுதான் நினைத்துவந்தேன்.

விளக்கு வந்தபோது இருட்டியிருந்தது. தரையில் கிடந்த போன் ஒளிர்ந்தது. ஆபரேஷன் முடிந்து அம்மா கண் விழித்துவிட்டாள். அவர் வாய்விட்டுப் படித்தார், கடைசி வரைக்கும், தம்பி பிழையாக எழுதியிருந்த எழுத்தையும் சேர்த்து.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். சமூகக்கூடத்துக்குப் பின்னால் பனியில் மூங்கில் நட்டு, நடுவில் நெருப்பு. எங்கள் தாள்களைக் கம்பில் கோத்துக் கொடுத்தார்கள். என்னுடையதைப் பிடிக்க அவரும் வந்தார், இந்தமுறை கை ஆடவில்லை. என் இரண்டு ஆட்களும் நடுவிலிருந்த அந்தப் பெரிய இடத்தோடு பற்றிக்கொண்டார்கள். சாம்பல் எவ்வளவு உயரம் போயிற்று என்று பார்க்க முடியவில்லை. பனியும் சாம்பலும் ஒன்றாகப் பறந்துகொண்டிருந்தன.

விமான நிலையம் திறந்துவிட்டது. டிக்கெட்டை நாளைக்கு மாற்றிக் கொடுத்தார். திரும்பும் டிக்கெட் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 24, சனி. கோவில்பட்டி

திவசம் முடிந்தது. அம்மா கட்டிலில் படுத்தபடியே எல்லோரையும் வேலைவாங்கினாள். என்ன சட்னி என்று கேட்டேன், கடலைச் சட்னியாம். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று அன்றைக்குக் காரம் கூட்டி அரைத்தாளாம்.

அப்பாவின் நம்பருக்குத் தம்பி இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறான். பீரோவிலிருந்து போனை எடுத்துச் சார்ஜ் ஏற்றினேன். என் பேரைத் தொட்டேன். பனிமனிதன் அப்படியே திறக்கப்படாமல் இருந்தான். அம்மா பக்கத்தில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். வேட்டி, துண்டு, தொப்பை. படம் ஆடிக்கொண்டே இருந்தது. நான் திட்டுவதும் கேட்டது.

"மாப்பிள்ளைக்குக் குளிருதா, இப்படி நடுங்குதாரு?" என்றாள் அம்மா.

"இல்லம்மா" என்றேன்.

என் போனில் அந்த இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தன.

ஜனவரி 29, வியாழன்

தினமும் கூப்பிடுகிறார். எதையும் மறைக்கக்கூடாது என்று முடிவுபண்ணிவிட்டார் போல, இப்போது எல்லாவற்றையும் சொல்கிறார். மீன் கருகிப்போயிற்று. ஒரு வரைபடத்தில் அளவு தப்பாகி மேலதிகாரி ஏசினார். என் நீலக் கிண்ணத்தை உடைத்துவிட்டார். மனுஷன் ஒரு வருஷத்துப் பேச்சையெல்லாம் சேர்த்துவைத்து வட்டியோடு பேசுகிறார். கேட்டுக் கேட்டுச் சிரிப்பு வருகிறது.

"இன்னொண்ணு கேக்கணும்னு இருக்கு. பயமா இருக்கு" என்றார் இன்றைக்கு.

"கேளுங்க."

"திரும்பி வருவியா?"

மொட்டை மாடியில் நின்றிருந்தேன். மலைமேல் கதிரேசன் கோயில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் முழுசாகப் போய்விடவில்லை. போகாத கோபத்தோடும் ஒருவர் முதுகில் சாயலாம் என்பதைக் கரண்ட் போன அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"தலைமாடு வடக்கே இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன்" என்றேன்.

"அளந்து பாத்துட்டேன். அலமாரி நகராது. செவுத்தோட இருக்கு."

"ஹீட்டர் இருக்கிற பக்கந்தானே நெசமான கிழக்கு?"

"ஆமா."

"அதை நகத்துங்க. ரெண்டு படுக்கைக்கும் எடம் விடணும்."

"ஹீட்டர் நகரும்" என்றார். நான் ஏதாவது சொல்வதற்குள் இரண்டாவது தடவையும் சொன்னார், "ஹீட்டர் நகரும், செம்பா."

பிப்ரவரி 3, செவ்வாய்

படம் அனுப்பியிருக்கிறார். அடுத்தடுத்து இரண்டு படுக்கை, இரண்டு தலையணை. தலைமாட்டில் திசைகாட்டி. போனில் பார்ப்பது இல்லை, கடையில் புதிதாக வாங்கியது, டூல்பெட்டி அறைக்கு வெளியே கிடப்பதையும் தனியாக ஒரு படம் எடுத்திருக்கிறார். முள்ளின் நுனியில் 北 என்று பொறித்திருக்கிறது. அது பக்கவாட்டுச் சுவரைக் காட்டுகிறது.

மார்ச்சுக்கு டிக்கெட் எடுக்கத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். இருந்தாலும் விடியற்காலையில் மாடிக்குப் போய், சூரியன் எந்தப் பக்கம் வருகிறது என்று நானே ஒரு தடவை நின்று பார்த்துக்கொண்டேன்.